ரெண்டு குடம் தூக்குற பொம்பள

என் தம்பி அன்பரசன் எண்ணூர்ல ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு சங்கத் தலைவன். வருசக்கணக்கா மேனேஜ்மெண்டாண்ட குந்திப் பேசிப் பேசி அவன் மண்டையில ஒரே ஒரு பாடம்தான் ஏறிக்கீது. இன்னா வேணுமோ அதுல ரெட்டிப்பா கேளு. அவன் பாதியா வெட்டுவான். நமக்கு வேண்டியது கைக்கு வந்துரும். இதை அவன் சங்கத்தோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு வையி. வூட்ல பொண்டாட்டியாண்ட சண்ட போட்டாக்கூட "நான் செத்தே பூடுவேன்"னுதான் ஆரம்பிப்பான், கடைசில ஒரு ஆம்லெட்டுக்கு ஒத்துக்கினு துன்னுட்டுப் போவான்.

அந்தப் பாடத்தை அவன் என் வவுத்து விசயத்துல காட்டினான். காட்டி, என்னைக் கொல்லப் பாத்தான். பாசத்துலதான்.

என் பேரு பச்சையம்மா. திருவொத்தியூர் ஹவுசிங் போர்டுல ரெண்டாவது மாடி. ஹார்பருக்குள்ள போறதுக்கு எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும் பாரு, அந்த வரிசையோரமா என் இட்லி வண்டி. டிரைவருங்க காலைல நாஸ்டா துன்னுட்டு, மத்தியானம் பாத்தா அதே எடத்துலயே நின்னுக்கினு இருப்பானுங்க. லாரி நவுறாத வரைக்கும் என் பொழப்பு நவுறும். என் வூட்டுக்காரர் வரதன், மணலியில ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். அவுரு பேசமாட்டாரு. "பேசறதுக்குத்தான் உன் வூட்ல ஆளு கீதே"ன்னு கல்யாணமான புதுசுல ஒரு வாட்டி சொன்னாரு. அதுக்கப்பால அதையும் சொல்றதில்ல.

இது நடந்தது ரெண்டாயிரத்து மூணுல. மெட்ராஸ்ல குழாயத் தொறந்தா காத்து வந்த வருசம். தண்ணி லாரி ஆரன் அடிச்சா போதும், போர்டு மொத்தமும் கீழ எறங்கிடும். நான் இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு ரெண்டு பிளாஸ்டிக் குடத்தத் தூக்கிக்கினு மாடி ஏறுவேன். ஊத்திட்டு மறுபடி எறங்குவேன். வூட்டுக்கும் வேணும், கடைக்கும் வேணும். அதை யாரும் ஒரு வேலையா நெனைக்கல, நானும்தான்.

அந்த வருசம் எனுக்கு வவுறு உப்ப ஆரம்பிச்சது. ரெண்டு இட்லி துன்னா நாலு துன்னாப்புல அடைக்கும். கேஸ்னு நெனச்சேன். மெடிக்கல் கடைக்காரன் ரோஸ் கலர் மருந்து குடுத்தான். டிரைவருங்க "இன்னாக்கா, யாவாரம் சூடு புடிச்சிக்கீது போல, தொப்ப போடுறியே"ன்னு கலாய்ச்சானுங்க. புடவை கொசுவம் வைக்க எடம் பத்தாமப் போனப்பதான் எங்க தெரு டாக்டராண்ட போனேன். அவுரு வவுத்தத் தட்டிப் பாத்து, ஸ்கேனுக்கு எழுதினாரு. ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குப் பக்கத்துல சினைப்பையில கட்டி, வவுத்துல தண்ணின்னு வந்துச்சி. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா, இன்னிக்கே போங்க"ன்னாரு. அவுரு மூஞ்சியப் பாத்ததும் ஃபீஸக்கூட குடுக்காம எழுந்து வந்துட்டேன்.

சேதி நான் மாடி ஏறதுக்குள்ள போர்டு பூரா ஏறிடுச்சி. ஆளாளுக்கு ஜோசியம். கீழ்வூட்டு கோவிந்தம்மா என் கண்ணு ரெப்பைய இஸ்துப் பாத்து, "செவப்பு கீது, பொழைச்சுக்குவ"ன்னா. எதிர்வூட்டுக்காரி என் காலை அமுக்கிப் பாத்து, குழி வுழலன்னு சந்தோசப்பட்டா. இன்னொருத்தி என்னைப் பாக்கவே இல்ல, நேரா சுவத்துல காலண்டரப் பாத்தா, பாத்துட்டு பெருமூச்சு வுட்டா. அவளுக்கு மட்டும் நான் காப்பி போட்டுக் குடுக்கல.

அன்பரசன் வந்தான். ஸ்கேன வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, தலைகீழா வச்சிப் பாத்தான். அப்பால குந்தி, கமிட்டி மீட்டிங்ல பேசறாப்புல ஆரம்பிச்சான்.

"அக்கா, நீ நடந்து போனன்னு வையி, சீட்டு எழுதிக் குடுத்து அடுத்த வாரம் வான்னுவாங்க. அடுத்த வாரம் போனா அதுக்கு அடுத்த வாரம். கவர்மெண்டு ஆஸ்பத்திரில பெட்டு வேணும்னா படுத்துக்கினுதான் போவணும்."

"நான் இன்னா படுத்துக்கினா கீறேன்? காலைலகூட தண்ணி புடிச்சேன்."

"அத வாயத் தொறந்து எவனாண்டயும் சொல்லிடாத. நீ ஒண்ணும் பேசாத. பேச்சுவார்த்தைய நான் பாத்துக்கிறேன்."

நான் வரதனப் பாத்தேன். அவுரு சட்டை பட்டனப் பாத்துக்கினு இருந்தாரு. எனுக்கும் பயம். பயத்துல கீறவளுக்கு யாராவது ஒருத்தன் தெரிஞ்சாப்புல பேசினா போதும், அவன் பின்னாடி போய்டுவா.

மறுநாள் காலைல லாரி வந்துச்சி. நான் எறங்கி, தண்ணியப் புடிச்சி, டிரம்ம ரொப்பி, வூட்டக் கூட்டி, தலை சீவி பின்னல் போட்டேன். அன்பரசன் வந்து பின்னலப் பிரிச்சி வுடச் சொன்னான். கீழ வரைக்கும் நடந்து வந்து ஆட்டோல ஏறி, அவன் மடியில தலை, வரதன் மடியில காலுன்னு படுத்தேன். ராயபுரம் தாண்டசொல்ல பசிச்சது. கட்டிக்கினு வந்த இட்லிய படுத்த வாக்குலயே துன்னேன். ஆஸ்பத்திரி கேட்டு வந்ததும் "அக்கா, கண்ண மூடிக்க"ன்னான். எங்கிருந்தோ ஒரு ஸ்ட்ரெச்சரத் தள்ளிக்கினு வந்தான். "வழி வுடுங்க, வழி வுடுங்க"ன்னு அவன் கத்தின கத்துக்கு நானே யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்.

சொல்லக்கூடாது, பெட்டு கெடச்சிடுச்சி. அன்னிக்கே கெடச்சிடுச்சி. ஜன்னலோரமா, ஃபேனுக்குக் கீழ. அன்பரசன் என்னமோ சம்பளப் பேச்சுவார்த்தையில கெலிச்சவன் மாரி வரதன் தோளத் தட்டினான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தாங்க. ஞானசெல்வின்னு பேரு. கண்ணாடி போட்டுக்கினு, மெல்ல பேசறவங்க. என் வவுத்தப் பாத்தாங்க, நெஞ்சுல குழாய் வச்சிப் பாத்தாங்க, அப்பால அட்டையப் புடிச்சிக்கினு கேள்வி கேட்டாங்க.

"சாப்பாடு எப்படி?"

"தண்ணிகூட எறங்கல டாக்டர். நாலு நாளாச்சி"ன்னான் அன்பரசன்.

"தானா எழுந்து நடப்பாங்களா? குளிக்கிறது, பாத்ரூம் போறது?"

"தூக்கிக்கினுதான் போறோம். ரெண்டு ஆளு புடிக்கணும்."

"பகல்ல பாதி நேரத்துக்கு மேல படுக்கையில இருப்பாங்களா?"

"பாதியா? முழு நேரமும்தான் டாக்டர். மூணு மாசமா படுத்த படுக்கை."

நான் கண்ணத் தொறந்தேன். அவன் போர்வைக்கடியில என் கால் கட்டை வெரலக் கிள்ளினான். மறுபடி மூடிக்கினேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் எழுதினாங்க. எழுதிட்டு என் நெத்தியத் தொட்டு, "கஷ்டப்படுத்த மாட்டோம்மா"ன்னாங்க. அன்பரசன் எனுக்குக் கண்ணடிச்சான்.

அவன் கணக்குல, இப்ப அவங்க பாதியா வெட்டணும். டாக்டருங்க வெட்டறது வேற எடத்துலன்னு அவனுக்கு யார் சொல்லுவா?

ரத்தம் எடுத்தாங்க, பெரிய மிஷினுக்குள்ள அனுப்பிப் படம் புடிச்சாங்க, வவுத்துல ஊசி வச்சி தண்ணி எறக்கினாங்க. தண்ணி எறங்கினதும் உடம்பு லேசாயி எனுக்கு எழுந்து ஓடணும்போல இருந்துச்சி. ஆனா வார்டு பூரா என்னைப் படுத்தபடுக்கைன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆயாம்மா சோத்த ஊட்ட வந்துச்சி. நான் வாங்கித் துன்னதப் பாத்து, "கடைசி நேரத்துல இப்டித்தான் பசி வரும்"னு பக்கத்து பெட்டாண்ட சொல்லுது.

பக்கத்து பெட்டு மலிகா. வண்ணாரப்பேட்டைக்காரி, என்னைவிட பத்து வயசு சின்னவ. வூட்லயே மிஷின் போட்டு துணி தைக்கிறவ. அவளுக்கும் இதே கட்டி, இதே தண்ணி, ரெண்டு பேருக்கும் மூணாவது ஸ்டேஜுன்னே சொல்லிக்கிறாங்க. அவளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்னு தேதி குடுத்துட்டாங்க. எனுக்கு ஒண்ணும் சொல்லல.

நாலாம் நாள் டாக்டரம்மா என் வூட்டு ஆளுங்களக் கூப்பிட்டாங்க. அன்பரசனும் வரதனும் போனாங்க. திரும்பி வரசொல்ல அன்பரசன் மூஞ்சி கறுத்துக் கெடந்தது. இருவது வருசத்துல அவன் அழுது நான் பாத்ததில்ல. பெட்டோரமா நின்னு துண்ட வாயில அடச்சிக்கினு அழுறான்.

"இன்னாடா சொன்னாங்க?"

"வூட்டுக்குக் கூட்டிக்கினு போவச் சொல்றாங்கக்கா. ஆபரேஷன் மணிக்கணக்கா நடக்குமாம். இத்தினி நாளா படுத்துக் கெடக்குற உடம்பு தாங்காதாம். மருந்தும் தாங்காதாம். வலியில்லாமப் பாத்துக்கோங்கன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"பாதி ஆபரேஷனாவது பண்ணுங்கன்னேன்."

சிரிக்கிறதா, செருப்பக் கழட்டுறதான்னு தெரியல எனுக்கு. அவன் அதோட வுடலியாம். "கொஞ்சம் நடப்பாங்க டாக்டர், மெய்யாலுமே வூட்டு வேலையெல்லாம் செய்வாங்க, குடம்கூடத் தூக்குவாங்க"ன்னு நெசத்தையும் சொல்லிப் பாத்துக்கீறான். டாக்டரம்மா அவன் கையப் புடிச்சி, "உங்க மனசு எனக்குப் புரியுது. இந்த மாதிரி நேரத்துல எல்லா வீட்லயும் இப்படித்தான் சொல்வாங்க"ன்னாங்களாம். பொய்யச் சொன்னப்ப ஒரு எழுத்து வுடாம எழுதிக்கினாங்க. நெசத்தச் சொன்னா ஆறுதல் சொல்றாங்க.

அவனுங்க போனப்பால மலிகா என் பக்கம் திரும்பினா.

"அக்கா, என்னாண்டயும் அதே கேள்விதான் கேட்டாங்க. நான் மிஷின்ல குந்தி தைக்கிறேன், சோறாக்குறேன், புள்ளைங்கள ஸ்கூல்ல வுடுறேன்னேன். தெம்பு கீறவங்களுக்குத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்களாம். நர்ஸம்மா சொன்னாங்க."

அப்பதான் எனுக்கு வெளங்கிச்சி. கண்ணு தொறந்து, காது கேட்டு, பசி எடுக்குற ஒருத்திய சாவச் சொல்லி வூட்டுக்கு அனுப்புறாங்க. எனுக்கு சாவ இஷ்டமில்ல. கடை கீது. வரதனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. அதெல்லாம் இல்லாட்டிகூட எனுக்கு சாவ இஷ்டமில்ல, அவ்ளோதான்.

மறுநாள் காலைல சீட்டு குடுத்து அனுப்பறதா பேச்சு. அன்னிக்குன்னு பாத்து வார்டுல சொட்டுத் தண்ணி இல்ல. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வானத்துலயிருந்தா கொட்டும்? கீழ வாசல்ல லாரி வந்து ஆரன் அடிச்சது. அந்த ஆரன் சத்தம் கேட்டா என் காலு பெட்ல நிக்காது. டாக்டரம்மாவாண்ட போய் நின்னு நியாயம் பேசலாம்னு ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணி வச்சிருந்தேன். ஆரன் சத்தத்துல அதெல்லாம் மறந்துடுச்சி. மலிகா கட்டிலுக்கடியில ஒரு குடம், வார்டு மூலையில ஒரு குடம். ரெண்டையும் எடுத்துக்கினு எறங்கிட்டேன்.

கீழ பாத்தா ஒரே கும்பல். ஒருத்தனுக்கும் வரிசைல நிக்கத் தெரியல, குழாயப் புடிக்கத் தெரியல, பாதித் தண்ணி மண்ணுல போவுது. என் வாயி சும்மா இருக்குமா? நாலு சவுண்டு வுட்டேன். வரிசை தானா வந்துச்சி. ரெண்டு குடத்தையும் ரொப்பி, ஒண்ண இடுப்புல வச்சி, ஒண்ணக் கையில புடிச்சி மாடிப்படி ஏறினேன். மூச்சு வாங்கிச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா ஏறினேன்.

பாதிப் படியில டாக்டரம்மா எதிர்ல எறங்கி வராங்க. கூட ரெண்டு சின்ன டாக்டருங்க.

"அட்டெண்டர்ஸ் எல்லாம் ஓரமாப் போங்கம்மா. தண்ணி சிந்துது பாருங்க, யாராவது வழுக்கி விழப் போறாங்க"ன்னாங்க.

நானும் பழக்க தோசத்துல ஓரமா ஒதுங்கினேன். என்னைத் தாண்டி ரெண்டு படி எறங்கிட்டாங்க. அப்பதான் எனுக்கு சுருக்குன்னு கோவம் வந்துச்சி.

"நான் அட்டெண்டர் இல்ல மேடம். ஜன்னலோர பெட்டு. மூணு மாசமா படுத்த படுக்கையா கீறேனே, அவ."

டாக்டரம்மா திரும்பிப் பாத்தாங்க. என் மூஞ்சியப் பாத்து, இடுப்புல கீற குடத்தப் பாத்து, கையில கீற குடத்தப் பாத்தாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிப் போட்டுக்கினு மறுபடி பாத்தாங்க.

"நேத்தும் தூக்கினீங்களா?"

"இங்க வந்த அன்னிக்குக் காலைல கடைசியாத் தூக்கினேன். அப்பால நீங்க தூக்க வுடல."

மேல ஏறி வந்து கைக்குடத்த வாங்கிக்கினாங்க. நான் வேணாம் வேணாம்னேன், கேக்கல. வார்டுக்குள்ள ஒரு குடத்தோட டாக்டரம்மாவும் ஒரு குடத்தோட நானும் நுழஞ்சோம். ஆயாம்மா சோத்துத் தட்டோட அப்டியே நின்னுடுச்சி.

அன்பரசன் வந்தான் பாரு, வகையா மாட்டினான். மெல்லப் பேசற டாக்டரம்மா அன்னிக்குப் பேசின பேச்சு கீழ லாரிக்காரனுக்கே கேட்டிருக்கும். "எதுக்காக இப்படிப் பொய் சொன்னீங்க? நீங்க சொன்னத நம்பி ஒரு உயிரைக் கைவிட்டிருப்பேனே"ன்னாங்க. அவன் தலையக் குனிஞ்சிக்கினு தன்னோட ரெட்டிப்புக் கணக்கச் சொன்னான். அதைக் கேட்டு அவங்க கொஞ்ச நேரம் நாற்காலில சாஞ்சிட்டாங்க. அப்பால என் பக்கம் திரும்பி, "இனிமே யார் பேச்சும் எனக்கு வேணாம். உங்களத்தான் கேப்பேன், நீங்கதான் சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது"ன்னாங்க.

என் பெட்லயே குந்தி, எல்லாத்தையும் வெளக்கினாங்க. இந்த நோயில யாரு எப்டித் தேறுவாங்கன்னு சொல்றதுக்கு அவங்களாண்ட சில விசயம் கீதாம். எத்தினி தூரம் பரவிக்கீது, கட்டி இன்னா ரகம், இன்னா வயசு, ஆபரேஷன்ல எவ்ளோ மிச்சம் இல்லாம எடுக்க முடியுது, மருந்துக்கு எவ்ளோ அடங்குது, அப்பால நோயாளி எழுந்து நடமாடுற தெம்பு. "மத்ததெல்லாம் உங்க கையிலயும் இல்ல, பாதி என் கையிலயும் இல்ல. இந்தத் தெம்பு ஒண்ணுதான் உங்ககிட்ட நல்லா இருந்துச்சு. அதத்தான் உங்க வீட்ல மறச்சு வச்சாங்க"ன்னாங்க. நான் அன்பரசனப் பாத்தேன். அவன் ஜன்னலுக்கு வெளிய ஏதோ முக்கியமான காக்காவப் பாத்துக்கினு இருந்தான்.

"அப்ப நான் பொழைச்சுக்குவனா மேடம்?"

"தெரியாது. ஆனா முயற்சி பண்றதுக்கு இப்ப எனக்குக் காரணம் இருக்கு."

எனுக்கு அது போதும்னு இருந்துச்சி. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு அவங்கதான். கண்ணு ரெப்பையப் பாத்தவ, கால அமுக்கினவ, காலண்டரப் பாத்தவ எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சே.

ஆபரேஷன் நடந்துச்சி. மலிகாவுக்கு மொத நாள், எனுக்கு அடுத்தாப்புல. கண்ணுக்குத் தெரிஞ்சு ஒண்ணும் மிச்சம் வைக்காம எடுத்துட்டாங்களாம். டாக்டரம்மா அதச் சொல்றப்ப மூஞ்சில அப்டி ஒரு சிரிப்பு. அன்பரசன் அன்னிக்கே போர்டுக்குப் போயி, "நான் மட்டும் ஸ்ட்ரெச்சர்ல போட்டுக் கொண்டுபோவலன்னா இன்னேரம் பெட்டே கெடச்சிருக்காது"ன்னு எல்லாராண்டயும் சொல்லிக்கினு இருந்தானாம். அதுலயும் கொஞ்சம் நெசம் கீது பாரு, அதான் பேஜாரு.

அப்பால மருந்து ஏத்தினாங்க. மூணு வாரத்துக்கு ஒரு வாட்டி போவணும். முடி மொத்தமும் கொட்டிச்சி. இட்லி வாசனையே எனுக்கு ஆவாமப் போச்சி, நானே இட்லிக்காரி. ஒவ்வொரு வாட்டியும் டாக்டரம்மா கேக்குற மொதக் கேள்வி, "எத்தனை குடம்?" தையல் ஆற வரைக்கும் குடம் கூடாது, சொம்புதான்னாங்க. சொம்புலயிருந்து பக்கெட்டு, பக்கெட்டுலயிருந்து அரைக் குடம், அப்பால ஒரு குடம்னு ஏறிக்கினே வந்தேன். நான் எத்தினின்னு சொல்றனோ அத எழுதுவாங்க. ஒரு வாட்டி அன்பரசன் பக்கத்துலயிருந்து "மூணு குடம்"னான். அவன வெளிய போயி நிக்கச் சொன்னாங்க.

அஞ்சாவது வாட்டி மருந்து ஏத்தி வந்த அடுத்த வாரம். காலைல லாரி ஆரன் அடிக்குது. காது கேக்குது, உடம்பு எழல. நெருப்பா கொதிக்குது. எழுந்து குந்தலாம்னு கைய ஊனினா கை மடங்குது. வரதன் வந்து பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. மூலையில கீற குடத்த எடுத்துக்கினு கீழ எறங்கினாரு. அவுரு தண்ணி புடிச்சி நான் பாத்ததே கெடையாது. கீழ பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்களாம். ஏறி வந்து ஊத்திட்டு, என் நெத்தியில கை வச்சாரு. வச்சிட்டு நேரா போயி ஆட்டோ புடிச்சிக்கினு வந்தாரு. அன்பரசனும் ஓடி வந்தான்.

இந்த வாட்டி மெய்யாலுமே ரெண்டு ஆளு புடிச்சித்தான் எறக்கினாங்க. மெய்யாலுமே அவன் மடியில தலை. ஆஸ்பத்திரில டாக்டரம்மா ரூமு வாசல்ல அன்னிக்கு நல்ல கூட்டம். அன்பரசன் கூட்டத்தத் தள்ளிக்கினு உள்ள பூந்தான்.

"மேடம், அக்காவுக்கு மூச்சே இல்ல. நாலு நாளா கண்ணே தொறக்கல. உடம்பு ஐஸா கீது."

டாக்டரம்மா எழுதிக்கினு இருந்தவங்க தலையத் தூக்கல. "அன்பரசன், பாதியா வெட்டிக்கவா? முன்னாடி வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களப் பாத்துட்டு கூப்பிடறேன்"ன்னாங்க.

அவங்க மேல தப்பில்ல. மூச்சு இல்லாதவள ஒரு வாட்டி குடத்தோட பாத்தவங்க அவங்க. நான்தான் சொல்லணும்னு பேச்சு, எனுக்கு வாயி வரல. நாக்கு மேல ஒட்டிக்கினு இருக்குது. சுத்தி எல்லாம் தண்ணிக்குள்ள தெரியறாப்புல தெரியுது. சரி, இவ்ளோதான் போலன்னு நெனச்சேன். இவ்ளோ தூரம் வந்து, இவன் வாயாலதான் போவணும்னு எழுதிக்கீது போல.

அப்பதான் வரதன் உள்ள போனாரு. கும்புடு கூட போடல. மேசையாண்ட நின்னு, "மேடம், இன்னிக்கு குடத்த நான் தூக்கினேன்"ன்னாரு.

அவ்ளோதான் சொன்னாரு. டாக்டரம்மா பேனாவ அப்டியே போட்டுட்டு எழுந்து வந்துட்டாங்க.

மருந்து ஏத்தினதுல ரத்தத்துல வெள்ளை அணு சுத்தமா எறங்கிக்கீதாம். கிருமி ரத்தத்துல பரவ ஆரம்பிச்சிடுச்சாம். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே குந்தியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாங்க. தனி ரூமுல போட்டு, ஊசி மேல ஊசி. பொழைச்சு எழுந்தப்பால அன்பரசன் என்னாண்ட வந்து கொழம்பிப் போயி கேட்டான்.

"ஒரே ஒரு குடம்னுதான் சொன்னாருக்கா மாமா. ரெட்டிப்புகூட ஆக்கல. எப்டி வேல செஞ்சது?"

அவனுக்கு அத வெளக்க எனுக்குத் தெம்பு இல்ல. இப்பவும் இல்ல.

மலிகா போய்ட்டா. அடுத்த வருசம் ரம்ஜான் நோன்புக்கு முன்னாடி. என்னைவிடச் சின்ன வயசு, என்னைவிடத் தெம்பு, கேட்ட கேள்விக்கெல்லாம் நெசத்தச் சொன்னவ. அவளுக்கும் சுத்தமா எடுத்தாங்க. மருந்துதான் அவ கட்டிக்குக் கேக்கல. அரிசி நல்ல அரிசி, உளுந்து நல்ல உளுந்து, கை அதே கை, ஒரு நாளைக்கு மாவு பொங்காது. அன்னிக்கு எனுக்கு யாராண்ட சண்ட போடறதுன்னு தெரியாது. அப்டித்தான் கெடந்து தவிச்சேன். டாக்டரம்மாவாண்ட கேட்டேன், அவளுக்கு ஏன் இப்டின்னு. அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. ரொம்ப நேரம் தொடச்சாங்க.

இப்ப வருசம் மூணு தாண்டிடுச்சி. செக்கப்புக்கு அப்பப்ப போறேன். அஞ்சு வருசம் போவட்டும், அப்ப பேசலாம்னு சொல்லிக்கீறாங்க. போர்டுல குழாயில ஒரு நாள் தண்ணி வருது, ரெண்டு நாள் காத்து வருது, லாரியும் வருது. கடைய மறுபடி போட்டுட்டேன். லாரிங்க நவுறவே இல்ல, சந்தோசம்.

ஒரே பேஜாரு இன்னான்னா, அன்னிக்கு எடுத்த குடத்த வரதன் இன்னும் என்னாண்ட திருப்பிக் குடுக்கல. ஆரன் சத்தம் கேட்டா நான் செருப்பத் தேடறதுக்குள்ள ரெண்டு குடத்தையும் தூக்கிக்கினு எறங்கிடறாரு. தூக்கவும் தெரியல. படியெல்லாம் ஊத்திக்கினு வராரு, கோவிந்தம்மா தெனம் கத்துது.

போன வாரம் செக்கப்புக்கு மொத நாள். நான் பாதிப் படியில அவுர மறிச்சேன்.

"யோவ், குடத்தக் குடு. நாளைக்கு டாக்டரம்மா எத்தினி குடம்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லமாட்டேன். ஒண்ணும் தூக்கலன்னு சொன்னா எனுக்குத் தெம்பு போச்சுன்னு எழுதிக்குவாங்க. குடுய்யா."

அவுரு குடுக்கல. இன்னும் கெட்டியாப் புடிச்சிக்கினாரு.

"நான் வந்து சொல்றேன்"ன்னாரு.

"இன்னான்னு சொல்லுவ?"

"அவளுக்குத் தெம்பு கீது, நான்தான் குடுக்கலன்னு."

கண்ணுல தண்ணி வந்துடுச்சி, மறைக்கல. முந்தானையால தொடச்சிக்கினு, அவுரு கையிலயிருந்து ஒரு குடத்த மட்டும் புடுங்கினேன். அதுல பாதிதான் இருந்துச்சி. மீதி படியில. இடுப்புல வச்சிக்கினு முன்னாடி ஏறினேன், அவுரு மத்ததத் தூக்கிக்கினு பின்னாடியே வந்தாரு.